உள்ளங்கையால் காட்டிய நோ

காலில் முள் ஏறினால் எவரும் ஒரு விரலால்தான் காட்டுவார்கள். "இந்தா, இஞ்சை" என்று சரியாக அந்த இடத்தில் போய் விரல் நிற்கும். பல்லுக்கொதி என்றாலும் அப்படித்தான். பக்கத்துக் காணி அக்கா தன்னுடைய நோவை ஒருநாளும் விரலால் காட்டியதில்லை. உள்ளங்கையை விரித்து, ரொட்டிக்கு மாத் தட்டுகிற மாதிரி, தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். பிறகு சொல்லுவார்:

"ஆள் வந்திட்டார்."

அந்த ஆளைப் பற்றி அக்கா எப்போதும் மரியாதையாகத்தான் கதைப்பார். "காலமை வந்தவர். கொஞ்ச நேரம் இருந்துபோட்டுப் போட்டார்" என்பார். வயிற்றில் தொடங்கி முதுகுக்குக் கீழே நாரிப்பக்கம் நொந்தால், "இண்டைக்குப் படலையாலை வரேல்லை, வேலி பாஞ்சு பின்பக்கத்தாலை வந்திருக்கிறார்" என்பார். புதிதாக வந்தவர்கள் யாரோ விருந்தாளி என்று நினைத்து வாசலை எட்டிப் பார்ப்பார்கள்.

தர்மபுரத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய காலம் அது. நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து நெற்காணிக்காக வந்த சனம். நான் கலியாணம் முடித்து வந்து இறங்கியபோது அக்கா அங்கே எனக்கு முந்தியே இருந்தார். இரண்டு காணிக்கும் நடுவில் ஒரு கிணறு. எனக்கு ஆட்களோடு கதைக்க வெட்கம். அக்கா அதற்குக் குறைப்படவில்லை. தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லுவார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. உள்ளதைக் கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். நான் முதன்முதல் அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்த புட்டை ஒரு பிடி வாயில் போட்டுவிட்டு, "மாப் பதம் நல்லது. தேங்காய்ப்பூ காணாது. உப்புக் கூட" என்றார். பிறகு முழுவதையும் சாப்பிட்டார். ஒருமுறை எங்கள் ஒழுங்கையில் ஒருவர் மாடு விற்க நின்றபோது, வாங்க வந்தவர் வேலிக்கு மேலால் அக்காவைக் கேட்டார்: "தங்கச்சி, இந்த மாடு உதைக்குமோ?"

"உதைக்கும் அண்ணை. ஆனா வலது காலாலை மட்டும்தான்."

விற்க நின்றவர் அக்காவோடு கனநாள் கதைக்கவில்லை.

நோவிலும் அதே குணந்தான். அதுதான் அவருக்குக் கெடுதலாகப் போனது.

நோ வந்த வழி ஊருக்கெல்லாம் தெரியும். குடியேறிய முதல் மாரியில் வாய்க்கால் தண்ணீரைக் குடித்துப் பலபேருக்கு வயிற்றுளைவு கண்டது. அக்காவை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். திரும்பி வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். வந்தார். முருங்கைக்காய் மாதிரி வந்தார். உளைவு நின்றது, இரத்தம் நின்றது, உடம்பும் பிறகு தேறியது. நோ மட்டும் போகவில்லை.

நோ என்றால் எப்போதும் இருக்கிற நோவும் இல்லை. அங்கேதான் சிக்கல். ஒழுங்கையில் ஒரு கலியாணத்துக்குப் பலகாரம் சுட்டோம். அக்கா விடிய வந்து அடுப்படியில் குந்தினார். அரியதரம் தட்டி, எண்ணெயில் போட்டு, பிழைத்துப்போனதை எல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஒவ்வொரு பகிடி சொல்லி எங்களைச் சிரிக்கப் பண்ணிக்கொண்டிருந்தார். மத்தியானம் திரும்பும்போது அவருடைய மாமியார் கதவு நிலையில் சாய்ந்து நின்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்:

"என்ன பிள்ளை, இண்டைக்கு நோ இல்லையோ?"

வேறு யாராவது என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இருக்கு மாமி, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்று சொல்லியிருப்பார்கள். சொன்னால் மானம் காப்பாற்றப்பட்டிருக்கும். அக்கா ஒரு கணம் யோசித்தார். கையை வயிற்றில் வைத்துப் பார்த்தார்.

"இல்லை மாமி. காலமையிலையிருந்து ஆளைக் காணேல்லை. இப்ப நீங்கள் கேட்டாப்போலைதான் நினைவு வந்தது."

"பாத்தியளே! பகிடி விட்டுச் சிரிக்கேக்கை நோ இல்லை. வீட்டிலை நெல்லுக் குத்தேக்கை நோ. நான் சொன்னால் என்னைக் கூடாதவள் எண்ணுவியள்."

அக்கா அடுத்த அரியதரத்தைத் தட்டி எண்ணெயில் போட்டார். அன்று சாயந்தரம் கிணற்றடியில் பார்த்தேன், உள்ளங்கை வயிற்றில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"வந்திட்டார்" என்றார். "மாமி கூப்பிட்டாப்போலை வந்திட்டார்."

அக்காவின் வீட்டுக்காரரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நெடுத்த ஆள், கதை குறைவு. வலது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. காடு வெட்டின காலத்தில் பாலைமரக் குற்றிக்குக் கீழே நசுங்கிப் போனது. யாராவது கேட்டால், "காட்டுக்குப் போட்ட காணிக்கை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். கெட்ட மனிதர் இல்லை. தாய் சொல்வதற்கும் மனைவி சொல்வதற்கும் நடுவில் வரம்பு மாதிரிக் கிடந்தார்.

பலகாரச் சூட்டுக்குப் பிறகு, கடைசியாய் ஒருமுறை காட்டிப்போட்டு வருவம் என்று அண்ணை அக்காவைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெண் துணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். டொக்டர் வயதானவர், அவசரப்படாதவர். அக்காவைப் படுக்க வைத்து வயிற்றை அமத்தி அமத்திப் பார்த்தார்.

"எந்த இடம்? ஒரு விரலாலை காட்டுங்கோ பாப்பம்."

அக்கா விரலை நீட்டினார். ஒரு இடத்தில் வைத்தார், எடுத்தார், இன்னொரு இடத்தில் வைத்தார். பிறகு விரலை மடக்கிவிட்டு உள்ளங்கையால் வட்டம் போட்டார்.

"விரலாலை காட்டினால் பொய்யாப்போகும் ஐயா. இவ்வளவும்தான்."

டொக்டர் சிரித்தார். "உள்நோ அப்பிடித்தான் அம்மா. தோலிலை எண்டால் மூளைக்கு இடம் நல்லாத் தெரியும். வயித்துக்குள்ளை எண்டால் ஊர் தெரியும், எந்த வீடெண்டு தெரியாது."

அக்கா எழுந்து கதிரையில் இருந்த பிறகு, அவர் அண்ணையைப் பார்த்துச் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவர் சொன்னது எனக்கு விளங்கியது. குடலில் இருந்த புண் ஆறிவிட்டது. ஆனால் வயிற்றிலிருந்து மூளைக்கு நரம்பு போகிறது, தந்திக் கம்பி மாதிரி. அந்த வயிற்றுளைவு வருத்தத்தில் அந்த நரம்பு பயந்துபோனது. இப்போது சோறு இறங்கினாலும், உள்ளே காற்றுப் புரண்டாலும், அது மூளைக்குப் பெரிய தந்தி அடிக்கிறது. மூளையும் அதை நம்பி, நோ என்று சொல்கிறது. பயந்தால் கூடும். மனம் வேறு ஒன்றில் போய்விட்டால் குறையும்.

"பொய் இல்லைத் தம்பி. நோகிறது மெய். மூளையும் நரம்பும் சேந்து செய்யிற வேலை" என்று முடித்தார்.

அண்ணை தலையாட்டினார். பஸ்ஸில் வரும்வழி முழுக்க யன்னலுக்கு வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் காதில் மூளை என்ற ஒரு சொல்தான் விழுந்திருந்தது. எங்கள் சனத்தில் மூளை என்றால் பேச்சு வேறு திசையில் போய்விடும். வீட்டுப் படலையைத் திறக்கும்போதே மாமியார் கேட்டார், என்னவாம் என்று.

"வயித்திலை ஒண்டுமில்லையாம். மூளையிலையாம்."

"ஐயோ, என்ரை பிள்ளைக்கு இப்பிடி ஒண்டோ வந்து வாய்ச்சுது!" என்று அவர் தலையில் கையை வைத்தார். இரண்டு நாளில் ஒழுங்கை முழுக்க அக்காவைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. பாசாங்கு என்றவர்கள் இப்போது விசர் என்றார்கள். என் மாமியாரும் சும்மா இருக்கவில்லை. என்னைக் கிணற்றடியில் கனநேரம் நிற்க வேண்டாம் என்றார்.

அக்காதான் சொன்னார், வாளியை இழுத்துக்கொண்டே: "மூளையிலை எண்டாலும் நோகிறது எனக்குத்தானே தங்கச்சி. வேறை ஆருக்கும் நோகேல்லையே."

முடிவு வீட்டுக்குள் எடுக்கப்பட்டது. நெல் அறுத்துச் சூடு மிதித்து முடிய, அக்காவைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விடுவது. சுகமானால் கூப்பிடலாமாம். அப்படிப் போனவர்களை ஒருவரும் பிறகு கூப்பிட்டதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தாய் வீட்டில் கலியாணத்துக்கு நிற்கிற தங்கச்சிமார் இருந்தார்கள். வாழாமல் திரும்பி வந்த அக்கா ஒருத்தி வீட்டில் இருந்தால் அவர்களைக் கேட்டு யார் வருவார்கள்?

அக்கா அழவில்லை. "போக விருப்பமோ அக்கா?" என்று நான் கேட்டேன். நானாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"விருப்பமில்லை. இந்த மனிசனை விட்டிட்டுப் போக விருப்பமில்லை." கொஞ்சம் நின்று, "மாமியை விட்டிட்டுப் போகப் பெரிய கவலை இல்லை" என்றார். அந்த நேரத்திலும் அளந்துதான் சொன்னார்.

அந்தத் தையில் நெல் நன்றாகப் பழுத்திருந்தது. அதற்கு முந்திய வருசம் இதே பருவத்தில் அண்ணையின் வயலில் ஆனை இறங்கியது. காவல் கொட்டிலை அது சரித்தபோது அண்ணை உள்ளே இருந்தார். எப்படியோ தப்பி வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தாராம். அதன் பிறகு அவர் வயலைச் சுற்றிக் கயிறு இழுத்து, பால்பேணி, மண்ணெண்ணெய்த் தகரம் என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் அதில் கட்டிவிட்டார். எது முட்டினாலும் சத்தம் போடும். ஆனை பிறகு வரவில்லை. காற்று வந்தது, பன்றி வந்தது, கிளி வந்து இருந்தது. எல்லாவற்றுக்கும் தகரம் அடித்தது. எல்லாவற்றுக்கும் அண்ணை எழும்பி ஓடினார். "காத்துக்குக் காவல் இருக்கிறவர்" என்று ஊர்ப் பெடியள் அவருக்குப் பட்டம் வைத்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் நான் எங்கள் வரம்பில் பொன்னாங்காணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வரம்பில், மருத மர நிழலில், அக்கா சோறு கொண்டுவந்து வைக்க அண்ணை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று தகரங்கள் கலகலவென்று அடித்தன. அண்ணை துள்ளி எழும்பினார். சோற்றுக் கோப்பை கவிழ்ந்தது. கம்பைத் தூக்கிக்கொண்டு "ஓய்! ஓய்!" என்று கத்தியபடி ஓடினார். பார்த்தால் மயில் ஒன்று. அது தோகையை இழுத்துக்கொண்டு ஆறுதலாகக் காட்டுக்குள் போனது.

அண்ணை திரும்பி வந்து இருந்தார். அக்கா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிற்பாட்டிவிட்டுக் கேட்டார்:

"ஆனை வந்து ஒரு வருசமாகுதப்பா. பிறகு வந்ததோ?"

"இல்லை."

"அப்ப ஏன் ஓடினனீங்கள்?"

"தகரம் அடிச்சதே! அடிச்சால் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறீரோ?"

"மயில்தானே."

"மயிலெண்டு ஓடிப்போய்ப் பாத்த பிறகுதானே தெரியும். இஞ்சை நெஞ்சுக்குத் தெரியுதோ? இந்தா, இன்னும் அடிக்குது."

அக்கா கையை நீட்டி அவர் நெஞ்சில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தார்.

"ஓம். நல்லா அடிக்குது. ஆனை இல்லை. ஆனா நெஞ்சு அடிக்கிறது மெய்."

அண்ணை கம்பைக் கீழே வைத்தார்.

"என்ரை வயித்துக்குள்ளையும் ஆனை வந்து போட்டுது. டொக்டர் சொன்னது அதைத்தான். தகரம் இன்னும் கட்டின மாதிரியே கிடக்கு. சோறு இறங்கினாலும் அடிக்குது, காத்துப் பிரண்டாலும் அடிக்குது. நீங்கள் எல்லாரும் நான் கையாலை தட்டிச் சத்தம் போடுறன் எண்டு நினைக்கிறியள்."

நான் எழும்பிப் போகவும் முடியாமல், பிடுங்கிய கீரையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தகரத்தை அவிட்டுப்போட்டால்?" என்று அண்ணை கேட்டார்.

"உங்களாலை ஏலுமோ?"

அவர் கயிற்றைப் பார்த்தார். காட்டைப் பார்த்தார். "ஏலாது."

"எனக்கும் ஏலாது."

அண்ணை குனிந்து, வரம்பில் சிந்திய சோற்றை ஒவ்வொன்றாய்க் கோப்பைக்குள் பொறுக்கத் தொடங்கினார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "நீர் சாப்பிட்டனீரோ?"

"பாதி" என்றார் அக்கா.

அதற்குச் சில நாள் கழித்து, நெருப்பு எடுக்கத் தேங்காய்ச் சிரட்டையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பின்னேரம். கிடுகு வேலிக்கு இப்பால் நின்றபடியே தெரிந்தது. அக்கா விறாந்தைப் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அண்ணை பக்கத்தில் இருந்து, அந்தக் குறைவிரல் கையை அக்காவின் கையின் மேல், வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் கோழிகள் முற்றத்தில் மேய்ந்தன.

"இப்ப எப்பிடி?"

"அப்பிடியேதான் இருக்கு."

நான் என்றால் பாவம் மனிசன் என்று, கொஞ்சம் சுகம் என்றாவது சொல்லியிருப்பேன். அண்ணை கையை எடுக்கவில்லை. ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம் போயிருக்கும்.

"இப்ப?"

"கொஞ்சம் பின்வாங்கிறார்."

"ஆரைக் கண்டு? என்னைக் கண்டோ?"

"உங்களைக் கண்டு மாடே பின்வாங்காது" என்றார் அக்கா. அண்ணை சிரித்ததை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். நெருப்பு எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

சூடு மிதித்து முடிந்தது. நெல்லு மூட்டைகள் வீட்டுக்குள் வந்தன. அக்காவின் றங்குப்பெட்டியைத் துடைத்து மாமியாரே வெளி விறாந்தையில் எடுத்து வைத்தார். விடிய வண்டி வரும் என்றார்கள். நான் கிணற்றடியில் நின்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வரவில்லை. அண்ணைதான் வந்தார். றங்குப்பெட்டியைத் தோளில் தூக்கித் திரும்ப உள்ளே கொண்டுபோனார்.

"என்னடா, அவள் போகேல்லையோ?" என்று தாய் பின்னால் போனார்.

"போகேல்லை அம்மா."

"அப்ப அந்த நோ?"

"அவரும் இஞ்சைதான் இருப்பார். அந்த ஆளுக்கும் சேத்துச் சோறு இருக்கு."

அக்கா அடுப்படியில் இருந்து அதைக் கேட்டார். என்னிடம் பிறகு சொல்லும்போதுதான் அவர் கண் கலங்கியது. "ஆள் எண்டு சொன்னவர், தங்கச்சி. நோ எண்டு சொல்லேல்லை. ஆள் எண்டு சொன்னவர்."

ஆள் வருவது நிற்கவில்லை. ஆனால் வந்தால் முந்தி மாதிரி நாள் முழுக்க இருப்பதில்லை என்று அக்காவே சொன்னார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மாமியாரும், "ஆள் எங்கை, இண்டைக்குக் காணேல்லை?" என்று கேட்கப் பழகிவிட்டார். கேட்டால் வந்துவிடுகிற பயம் அக்காவுக்கு இல்லாமல் போயிருந்தது.

ஒரு நேர்த்தி மட்டும் மிச்சம் இருந்தது. வருத்தத்தோடு கிடந்த காலத்தில் அக்கா அம்மனுக்கு வெள்ளியில் உரு வைப்பதாக நேர்ந்திருந்தார். கண் நோய்க்குக் கண், கால் நோய்க்குக் கால் என்று வெள்ளித் தகட்டில் வெட்டி அம்மன் காலடியில் வைப்பது எங்கள் வழக்கம். கிளிநொச்சிச் சந்தைக்குப் போனபோது நகை செய்கிற பத்தரிடம் போனோம். அக்கா, அண்ணை, நான்.

"என்ன உரு வேணும்? கண் இருக்கு, கால் இருக்கு, குழந்தை இருக்கு."

"உள்நோ" என்றார் அக்கா, வட்டம் போட்டுக் காட்டி.

பத்தர் தலையைச் சொறிந்தார். "உள்ளுக்குள்ளை இருக்கிறதை ஆர் கண்டது பிள்ளை? வட்டமாய் ஒரு வயிறு வெட்டித் தரட்டோ?"

அக்கா யோசித்தார். "வயிறு வேண்டாம். அது இன்னும் சுகமாகேல்லை. அம்மனுக்குப் பொய் சொல்லக் கூடாது." பிறகு அண்ணையின் வலது கையைப் பிடித்து இழுத்துப் பத்தரின் மேசையில் விரித்து வைத்தார். "இதை வெட்டுங்கோ."

"கை நோவோ?"

"கைக்கு ஒண்டுமில்லை. நீங்கள் இந்தக் கை மாதிரியே சின்னனாய் வெட்டுங்கோ."

பத்தர் சுண்டுவிரலை முழுதாக்கி வெட்டத் தொடங்கினார். அக்கா தடுத்தார். "உள்ள மாதிரி."

பொங்கலன்று அம்மன் கோவிலில் சனம் நெருக்கியது. அக்கா தட்டில் வெள்ளிக்கையை வைத்து நீட்டினார். பூசாரியார் அதை எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன பிள்ளை, விரல் குறையுது. ஊனமான உருவை அம்மனுக்கு வைக்கிறேல்லை."

"உள்ளது அதுதான் ஐயா."

"நோ சுகமாப் போச்சோ?"

சனம் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றது. அம்மனுக்கு முன்னால் எவரும் ஓம் என்றுதான் சொல்லுவார்கள்.

"இல்லை ஐயா. இண்டைக்குக் காலமையும் வந்தது. ஆனா நான் தனிய இருக்கேல்லை."

பூசாரியார் வெள்ளிக்கையை உள்ளங்கையில் வைத்தபடி நின்றார். பின்னால் நின்ற சனம் அவசரப்பட, மறு கையால் திருநீற்றை அள்ளிக் கொடுக்கத் தொடங்கினார். அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணை அதுவரை வலது கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்து வைத்திருந்தார். திருநீறு வாங்க அதை நீட்டத்தான் வேண்டியிருந்தது.

பூசாரியார் அந்தக் கையைப் பார்த்தார். தன் கையிலிருந்த வெள்ளியைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கண்களும் கால்களும் கிடந்த இடத்தில், அம்மனின் பாதத்துக்குக் கிட்ட அந்தக் கையை வைத்துவிட்டு வந்தார்.